இரண்டரை ரூபாய் எங்கே போச்சு? கேன் தண்ணிக் கதை

வணக்கம் மக்களே. இன்றைக்கு மொட்டை மாடித் தோட்டம் வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இப்போது இருக்கிற கடுப்பில் கத்தரிக்காய் பற்றிப் பேச முடியாது.

விஷயம் தண்ணி கேன். 2025 செப்டம்பர் 22 முதல் 20 லிட்டர் கேனுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. எங்கள் தெருவில் கேன் 40 ரூபாய். வரியும் அதற்குள்ளே என்றால் இப்போது 37 ரூபாய் 50 காசுதான் வர வேண்டும். கால்குலேட்டரில் போட்டே பார்த்தேன். கேன் அண்ணாவிடம் கேட்டால், "நான் என்னைக்குக்கா உங்களுக்கு பில்லு போட்டேன்?" என்கிறார். அதுவும் நியாயம்தானே, என்ன சொல்வது? ஆனால் மாடிக்கு ஐந்து ரூபாய் தனி. தோளில் சுமந்து ஏறி வந்தால் பத்து ரூபாய்கூடக் கொடுப்பேன். லிஃப்ட் பட்டனை அழுத்த எதற்கு ஐந்து ரூபாய்? ரயில்வே விற்கிற ரயில் நீர் பாட்டிலைப் பாருங்கள், அதே நாளிலிருந்து ஒரு லிட்டர் 15-லிருந்து 14 ஆனது. தாம்பரத்தில் வாங்கினேன், கேட்காமலே ஒரு ரூபாய் மீதி வந்தது! அந்தக் காசை இன்னும் செலவழிக்கவில்லை, இதோ பாருங்கள்.

சரி, தண்ணியைக் காசு கொடுத்து வாங்க நாம் எப்போது பழகினோம்? பாட்டில் தண்ணி இந்தியாவுக்குள் 1965-ல் மும்பையில் வந்தது. பிஸ்லேரி, இத்தாலிக்காரர்கள் ஆரம்பித்தது. 1969-ல் பார்லே சௌகான் குடும்பம் அதை நான்கு லட்சத்துக்கு வாங்கியது. ஆனால் அது பணக்காரர்களின் கண்ணாடி பாட்டில். சென்னையில் வீட்டுக்கு வீடு கேனைக் கொண்டுவந்தது விளம்பரம் இல்லை, வறட்சி. 2003, 2004-ல் லாரிக்காக குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குடிக்க ஒன்று, புழங்க ஒன்று என்று அப்போது பிரித்த தண்ணி, அப்புறம் 2004-ல் வீராணம் ஏரித் தண்ணி வந்தும் ஒன்றாகச் சேரவில்லை.

அட, ஒன்றை விட்டுவிட்டேன், அதற்கும் முன்னால் போக வேண்டும். ஏழுகிணறு என்று பஸ்ஸில் போகும்போது போர்டு பார்த்திருப்பீர்கள். 1772-ல் கோட்டைக்குத் தண்ணி கொண்டுபோக எடுத்த திட்டம் அது. வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்த ஊரில் தண்ணிக்குத் தனி ஏற்பாடு தேவைப்பட்டிருக்கிறது.

மறுபடி கேனுக்கு வருவோம். இந்த ஸ்டிக்கரைப் பாருங்கள், பனிமலை, நடுவில் அருவி. நம்ம ஊரில் இருப்பது பரங்கிமலை. அதில் எங்கே பனி? இயற்கை மினரல் வாட்டருக்கு ஐஎஸ் 13428 என்று தனித் தரம் உண்டு. அது ஊற்றெடுக்கும் இடத்திலேயே அடைக்கப்பட வேண்டும். நம் வீட்டுக்கு வருவது ஐஎஸ் 14543. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் போர் போட்டு எடுத்து, ஆர்ஓவில் வடிகட்டி, கிருமி சாக யூவி ஒளி காட்டி நிரப்பியது. தப்பில்லை. ஆனால் பனிமலைப் படம் போடாதீர்கள், எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் கிராமங்களில் கிணறு வற்றுகிறது என்ற சண்டையும் சும்மா வந்ததில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணி தரும் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 25 லட்சம் லிட்டர் ரயிலில் வந்தது. அடுத்த வருடமே அனுமதியில்லாமல் நிலத்தடி நீர் எடுக்கும் ஆலைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட, ஆலைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த வாரம் நான் எத்தனை கடை ஏறி இறங்கினேன் என்று பழைய வீடியோவில் இருக்கிறது, புலம்பல் நிறைய, ஓட்டிப் பாருங்கள்.

நடுவில் அரசாங்கத்தின் அம்மா குடிநீர் பாட்டிலும் வந்தது, 2013 செப்டம்பர், கும்மிடிப்பூண்டியில் தயாரித்து பஸ் ஸ்டாண்டில் பத்து ரூபாய்க்கு விற்றார்கள். எனக்கு அந்த பாட்டில் ரொம்பப் பிடிக்கும், மூடி லேசாகத் திறக்கும்.

இன்னொன்று, முக்கியமானது, கிட்டத்தட்ட மறந்தே போனேன். பாட்டில், கேன் தண்ணிக்கு 2001 மார்ச்சிலிருந்து கட்டாயமாக இருந்த ஐஎஸ்ஐ தர முத்திரை 2024 அக்டோபரில் கட்டாயம் இல்லை என்று ஆகிவிட்டது. பதிலுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதை அதிக ஆபத்துள்ள உணவுப் பட்டியலில் சேர்த்து, வருடாந்திர ஆய்வு வைத்திருக்கிறது. அதனால் மூடியில் உரிமம் எண், அடைத்த தேதி இரண்டும் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். என் கேனில் தேதி பாதி அழிந்திருந்தது. மூடியைத் தொடாமலே திருப்பிக் கொடுத்தேன், முணுமுணுத்துக்கொண்டே வேறு கேன் வைத்துவிட்டுப் போனார்.

உங்கள் கேன் மூடியில் தேதி தெரிகிறதா என்று கமெண்டில் போடுங்கள், போட்டோவோடு.