கான்செப்ட் படத்துல பேட்டரி எங்க இருக்கு?

எல்லாருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வந்துடறேன். நாளைக்கு வரப்போற போன், நாளைக்கு வரப்போற வாட்ச், நாளைக்கு வரப்போற மூக்குக்கண்ணாடின்னு படம் படமா நெட்ல சுத்துது பாருங்க, அந்த கான்செப்ட் டிசைன்களப் பத்திதான் பேசப்போறேன். பளிங்கு மாதிரி ஒரு போன், அதப் பிடிச்சிருக்க விரல் அந்தப்பக்கத்துலேர்ந்து இந்தப்பக்கம் தெரியும். கையில ஒரு வளையம், அதுலேர்ந்து வெளிச்சம் பாய்ஞ்சு காத்துலயே ஒரு ஸ்க்ரீன் நிக்கும். இன்னொண்ணு சுருட்டி பேனா மாதிரி சட்டைப்பையில சொருகிக்கலாம். இதெல்லாம் வேலையத்த வேலைன்னு நான் சொல்லவே மாட்டேன், எனக்கு உசுரு இதுல. இந்த மாதிரி படம் ஒண்ணு வந்தா எல்லா வேலையும் விட்டுட்டு ஜூம் பண்ணி பண்ணி பார்த்துட்டு இருப்பேன்.

அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்குத் தோணினது ஒண்ணுதான். இந்தப் படங்கள்ல கற்பனை எல்லை மீறிப் போயிடுச்சுன்னு நிறைய பேர் குறை சொல்றாங்க, எனக்கு என்னவோ அது பாதி வழியிலயே நின்னுபோச்சுன்னுதான் படுது. வெளி உருவம் வரைக்கும் வருது, அங்கேயே உக்காந்துடுது. அந்தப் பொருள யாரு கையில எடுப்பா, எத்தனை மணி நேரம் ஓடும், எங்க சூடாகும், எதிர்ல நிக்கறவங்களுக்கு அது என்ன பண்ணும், அஞ்சு வருஷம் கழிச்சு அது என்ன ஆகும்னு அதுக்கு மேல போறதே இல்ல. அந்த மிச்சப் பாதியிலதாங்க நிஜமான கற்பனைக்கு வேலையே இருக்கு.

அந்த மிச்சப் பாதியையும் யோசிச்ச ஒருத்தர முதல்ல சொல்றேன். ஆலன் கே. 1968ல அவரு அமெரிக்காவுல கம்ப்யூட்டர் ஆராய்ச்சி மாணவரு. கம்ப்யூட்டர்னா ஒரு ரூமையே அடைச்சுட்டு நிக்கற காலம். சீமோர் பேப்பர்ட்னு ஒரு ஆராய்ச்சியாளர் குழந்தைங்கள வச்சு லோகோங்கற கம்ப்யூட்டர் மொழியில ப்ரோக்ராம் எழுத வைக்கறத கே போய்ப் பார்க்கறாரு, பார்த்துட்டு குழந்தைங்க தூக்கிட்டு சுத்தற மாதிரி நோட்டுப்புத்தக சைஸ்ல ஒரு கம்ப்யூட்டர் வேணும்னு முடிவு பண்றாரு. அதுக்கான ஸ்க்ரீனும் அப்ப கிடையாது, சிப்பும் கிடையாது. என்ன பண்ணாரு தெரியுமா, அட்டையில ஒரு மாடல் செஞ்சு அதுக்குள்ள ஈயக் குண்டுகளக் கொட்டி எடை எவ்வளவு இருந்தா தூக்கலாம்னு பார்த்தாரு! ரெண்டு பவுண்டுக்குள்ள, அதாவது நம்ம கணக்குல 900 கிராமுக்குள்ள இருக்கணும்னு அப்பவே முடிவுக்கு வந்துட்டாரு. அழகான படம் ஒண்ணு போட்டுட்டு நின்னுருக்கலாம், நிக்கல, கைக்கு எவ்வளவு கனம் தாங்கும்னு போனாரு.

அப்புறம் 1972ல ஜெராக்ஸ் கம்பெனியோட பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக் கூடத்துல இருந்தப்ப அந்தக் குட்டி கம்ப்யூட்டருக்கு டைனாபுக்னு பேர் வச்சு ஒரு கட்டுரை எழுதினாரு. அதுல முதல்ல ஸ்பெசிபிகேஷன் எல்லாம் வராது. ஒன்பது வயசுப் பிள்ளைங்க ரெண்டு பேர் பார்க்ல புல்லு மேல படுத்துக்கிட்டு ரெண்டு டைனாபுக்க ஒண்ணோட ஒண்ணு இணைச்சு விண்கப்பல் விளையாட்டு ஆடறாங்க, ஆடும்போதே ஒரு பிள்ளைக்கு சந்தேகம் வருது, நடுவுல ஒரு சூரியன் இருந்து அது கப்பல இழுத்தா எப்படி இருக்கும்னு, அந்த சந்தேகத்துலேர்ந்து அவங்களே ப்ரோக்ராம மாத்தற அளவுக்குப் போறாங்க. ஒரு பொருள் நம்ம கையில இருக்கும்போது அந்த மத்தியானம் எப்படிப் போகும்னு எழுதியிருக்காரு பாருங்க, அதனாலதான் 50 வருஷம் தாண்டியும் அந்தக் கட்டுரைய எடுத்துப் படிக்கறாங்க. அடுத்த வருஷமே 1973ல அங்க ஆல்டோன்னு ஒரு கம்ப்யூட்டர் செஞ்சாங்க, டேபிளுக்கு அடியில நிக்கற பெரிய பெட்டி அது, அதுக்கு அவங்களே இடைக்கால டைனாபுக்னு பேர் சொன்னாங்க. கான்செப்ட் எட்டாத தூரத்துல இருந்துச்சு, ஆனா போற திசை தெரிஞ்சுது.

இதே வழியில ஜெப் ஹாக்கின்ஸ். 1996ல வந்த பாம் பைலட்ங்கற கையடக்க கம்ப்யூட்டர உருவாக்கினவரு. அத செய்யறதுக்கு முன்னாடி, சட்டைப்பைக்குள்ள போற அளவுல ஒரு மரக்கட்டைய வெட்டி எடுத்துட்டு சுத்தினாரு. மீட்டிங்ல யாராச்சும் தேதி கேட்டா கட்டைய வெளிய எடுத்து சின்னக் குச்சியால அது மேல தட்டற மாதிரி நடிச்சுப் பார்ப்பாரு. கட்டைக்குள்ள ஒண்ணுமே இல்ல, ஆனா ஒரு நாள்ல எத்தனை தடவ எடுக்கறோம், எதுக்கு எடுக்கறோம், பையில உறுத்துதான்னு எல்லாம் அதுலயே தெரிஞ்சிடுது. எந்த சாப்ட்வேர்ல எவ்வளவு தத்ரூபமா படம் பண்ணாலும் இது தெரியாதுங்க.

சரி, இப்ப கணக்குக்கு வருவோம், இதுதான் நான் இன்னைக்கு கொஞ்சம் நிறுத்தி நிதானமா சொல்லணும்னு நினைச்ச பகுதி. 2008ல நோக்கியா ஆராய்ச்சிக் கூடமும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சேர்ந்து மார்ப்னு ஒரு கான்செப்ட் வெளியிட்டாங்க. வளையும், மணிக்கட்டுல சுத்திக்கலாம், தானே அழுக்க விலக்கிக்கும், மேற்பரப்பே வெயில்ல சார்ஜ் ஆகும். நியூயார்க் மோமா மியூசியத்துல கூட அத காட்சிக்கு வச்சாங்க. கண்ணுக்கே தெரியாத நுண்ணிய அளவுல பொருள வடிவமைக்கற நானோ டெக்னாலஜி இந்தப் பக்கமா போகலாம்னு காட்டின படம் அது, அத நான் மதிக்கறேன். ஆனா அதுக்கப்புறம் வந்த கான்செப்ட் போன்ல ஏகப்பட்டதுல முதுகு பூரா சோலார், இனிமே சார்ஜரே வேண்டாம்னு எழுதிப் போட்டுடறாங்க. ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்து கணக்கு போட்டா போதும்.

போனோட முதுகு 7 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் நீளம்னு வச்சுக்குவோம். உச்சி வெயில் நேரா விழுந்தா ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 1000 வாட். அப்ப போன் மேல விழறது 10 வாட் சொச்சம். நல்ல சோலார் செல் அதுல அஞ்சுல ஒரு பங்க கரண்டா மாத்தும், 2 வாட் வந்துச்சு. 5000 மில்லிஆம்ப் ஹவர் பேட்டரிக்குள்ள இருக்கறது சுமார் 19 வாட் ஹவர், அதாவது மணிக்கு 1 வாட் வீதம் ஏத்தினா 19 மணி நேரம் ஆகற அளவு. அப்ப போன வெயில்ல குப்புறப் போட்டு, அசையாம, யூஸும் பண்ணாம, ஒன்பது பத்து மணி நேரம் வைக்கணும், அதுவும் அவ்வளவு நேரமும் உச்சி வெயில் மாதிரியே அடிச்சாதான். லித்தியம் அயான் பேட்டரிக்கு சூடு ஆகாது, சீக்கிரம் கிழடு தட்டிடும். வீட்டுக்குள்ள இருக்க வெளிச்சமோ வெயில்ல நூத்துல ஒரு பங்கு கூட தேறாது.

இதக் கேட்டுட்டு, அப்ப சோலார் கனவையே விட்டுடணுமான்னு தோணும். இல்லவே இல்ல! கணக்கு என்ன சொல்லுதுன்னா, ரொம்ப ரொம்பக் கொஞ்சமா கரண்ட் சாப்பிடற பொருளா பார்த்து இத வைங்கறது. கால்குலேட்டர் எத்தனையோ வருஷமா அப்படித்தான் ஓடுது, வாட்ச் ஓடுது. 2021ல சாம்சங் டிவி ரிமோட் முதுகுல சோலார் செல் வச்சு கொண்டுவந்தாங்க, வீட்டு வெளிச்சத்துலயே சார்ஜ் ஏறும், மாத்திப் போட பேட்டரி வேண்டாம். அதே கற்பனைதான், கணக்கு போட்டதால போய்ச் சேரவேண்டிய இடம் கிடைச்சுது. கணக்கு போட்டா கற்பனை செத்துடும்னு சொல்றவங்க கிட்ட இந்த ரிமோட்ட காட்டுங்க.

காத்துல நிக்கற ஸ்க்ரீன் கதையும் இதே மாதிரிதான். வெளிச்சம் நம்ம கண்ணுக்குள்ள வந்தாதான் நமக்கு எதுவும் தெரியும், வளையத்துலேர்ந்து பாயற வெளிச்சம் எதுலயாவது பட்டுத்தான் கண்ணுக்குத் திரும்பணும், வெறும் காத்துல பட்டுத் திரும்ப என்ன இருக்கு, அது பாட்டுக்கு நேரா போயிட்டே இருக்கும். புகை, நீராவி, கண்ணாடி, துணி, தோல்னு எதாவது ஒண்ண நடுவுல நிறுத்தணும், படத்துல அது எதுன்னு காட்டணும், அவ்வளவுதான் கேக்கறது.

ட்ரான்ஸ்பரன்ட் போனுக்கு வருவோம். டிஸ்ப்ளே அப்படி செய்யலாம், 2024ல எல்ஜி அந்த மாதிரி டிவி காட்டினாங்க, அதே வருஷம் லெனோவோ லேப்டாப் ஒண்ணு காட்டினாங்க. அந்த லேப்டாப்ப நல்லா கவனிச்சா ஸ்க்ரீன் ஊடுருவித் தெரியுது, ஆனா அதுக்குக் கீழ கீபோர்டோட தனியா ஒரு அடிப்பகுதி இருக்கு, பேட்டரி, சிப், போர்டு எல்லாம் அங்கதானே போகணும். போன்ல அந்த அடிப்பகுதியே கிடையாதே, அப்ப பேட்டரி எங்க? இதுக்கு பதில் வரைஞ்சு காட்டற கான்செப்ட் எதுவும் என் கண்ணுல படல. அதவிட முக்கியமா, உங்களுக்கு வந்த மெசேஜ எதிர்ல உக்காந்திருக்கவங்க அந்தப்பக்கத்துலேர்ந்து பார்த்துட்டு இருப்பாங்களே, அது யாருக்கு வேணும்னு கேட்டீங்களா?

எதிர்ல இருக்கவங்கன்னதும் இன்னொண்ணு. 1964ல நியூயார்க் உலகக் கண்காட்சியில அமெரிக்க டெலிபோன் கம்பெனியான ஏடி அண்ட் டி முகம் பார்த்துப் பேசற பிக்சர்போன காட்டினாங்க, 1970ல பிட்ஸ்பர்க்ல சேவையாவே ஆரம்பிச்சாங்க. வேலை செஞ்சுது, ஆனா ஓடல. விலை அதிகம், வாங்கினாலும் அதுல யாரக் கூப்பிடறது, மத்தவங்க கிட்ட இல்லையே. வீட்டுல இருக்க கோலத்துல முகத்த காட்டிப் பேசணும்னு ஜனங்களுக்கு பெரிய ஆசையும் இல்ல. 2012ல கூகுள் கிளாஸ்னு கேமராவும் குட்டி ஸ்க்ரீனும் வச்ச மூக்குக்கண்ணாடியோட கான்செப்ட் வீடியோ வந்துச்சு, முழு வீடியோவும் அத மாட்டியிருக்கவரோட கண்ணு வழியாவே ஓடும். பார்க்க அவ்வளவு ஆசையா இருக்கும். ஆனா கேமரா எந்தப் பக்கம் பார்க்குதோ அந்தப் பக்கம் நிக்கறவங்க கண்ணு வழியா ஒரு காட்சி கூட இல்ல. அடுத்த வருஷம் பொருள் வெளிய வந்ததும் சண்டை வந்தது அங்கேயேதான், என்னைய படம் எடுக்கறியான்னு கேட்டாங்க, சில கடைங்கள்ல மாட்டிட்டு உள்ள வராதேன்னாங்க, 2015 ஜனவரியில பொதுமக்களுக்கு விக்கறத நிறுத்திட்டாங்க. நீங்க கான்செப்ட் வீடியோ பண்றீங்கன்னா தயவு பண்ணி ஒரு காட்சியாவது எதிர்ல இருக்கவங்க பக்கத்துலேர்ந்து எடுங்க.

ஹியூமேன் ஏஐ பின் சமீபத்திய கதை. சட்டையில குத்திக்கற சின்ன சதுரம், ஸ்க்ரீன் கிடையாது, உள்ளங்கையில லேசர் வெளிச்சத்துல எழுத்து விழும். போனுக்குள்ள தலைய விட்டுட்டு இருக்கோமே அதுலேர்ந்து வெளிய வரணும்ங்கற அந்த ஆசைய நான் இப்பவும் மனசார ஆதரிக்கறேன். ஆனா 2024 ஏப்ரல்ல வந்தப்ப வெளிய வெயில்ல கையில விழற எழுத்து தெரியல, பொருள் சூடாச்சு, கேட்ட கேள்விக்கு பதில் வர நேரமாச்சு. 2025 பிப்ரவரியில கம்பெனியோட பெரும்பகுதிய ஹெச்பி வாங்கிடுச்சு, அந்த மாசக் கடைசியோட சர்வீஸும் நின்னுடுச்சு, காசு கொடுத்து வாங்கினவங்க கிட்ட இருந்தது வெத்து வில்லை ஆயிடுச்சு. கம்பெனி போனாலும் பொருள் எதுவரைக்கும் வேலை செய்யும்ங்கறதும் டிசைன்தாங்க, அத யாரும் வரையறதில்ல.

அத வரைஞ்ச ஒருத்தர் இருக்காரு. டேவ் ஹேக்கன்ஸ், நெதர்லாந்துல டிசைன் படிச்சவரு. 2013ல போன்ப்ளாக்ஸ்னு ஒரு சின்ன வீடியோ போட்டாரு. கேமரா போச்சுன்னா கேமராவ மட்டும் கழட்டி மாத்து, பேட்டரி போச்சுன்னா பேட்டரிய மட்டும் மாத்து, முழு போனத் தூக்கிப் போடாத. உலகம் பூரா ஜனங்க அத ஷேர் பண்ணித் தள்ளினாங்க. அதே வருஷம் மோட்டரோலாவும் இதே யோசனையில ப்ராஜெக்ட் ஆரான்னு அறிவிச்சாங்க, அது அப்ப கூகுள் கையில இருந்த கம்பெனி. 2016ல நிறுத்திட்டாங்க. காரணம் கஷ்டமானது. ஒவ்வொரு துண்டுக்கும் தனி மூடி, தனி இணைப்பு, அதெல்லாம் இடத்த சாப்பிடும், கனத்த ஏத்தும், கரண்டையும் இழுக்கும், ஒரே போர்டுல எல்லாத்தையும் ஒட்டிச் செய்யறது எப்பவும் சின்னதா, விலை கம்மியா வந்துடும். ஆனா அந்த ஆசை சாகல. 2015 கடைசியில ஃபேர்போன் 2ன்னு ஒரு போன் வந்துச்சு, அது எல்லாத்தையும் கழட்டலாம்னு சத்தியம் பண்ணல, அடிக்கடி போற பாகம் எது, ஸ்க்ரீன், பேட்டரி, கேமரா, அத மட்டும் வீட்டுலயே மாத்தற மாதிரி செஞ்சாங்க. பெருங்கனவ அளவா வெட்டி எடுத்துக்கிட்டதுனாலதான் அது கடைக்கு வந்துச்சு. ஹேக்கன்ஸ் போட்ட படம் வெறும் படம்னு நான் எப்படிச் சொல்லுவேன்?

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, 2022ல மட்டும் உலகத்துல 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பை சேர்ந்திருக்கு, அதுல முறையா மறுசுழற்சிக்குப் போனதா கணக்குல வந்தது நாலுல ஒரு பங்கு கூட இல்ல. நம்ம வரையற ஒவ்வொரு அழகான பொருளும் ஒரு நாள் அங்க போய்த்தான் விழும்.

இன்னொரு விஷயம், இப்ப ஏஐ கிட்ட ஒரு வரி அடிச்சா பளபளன்னு பத்து கான்செப்ட் போன் பத்து நொடியில வந்துடுது. மினுமினுப்புக்கு இருந்த மவுசு போச்சு, எனக்கு அதுல வருத்தமே இல்ல, இனிமே யோசிச்சவங்க படம் எதுன்னு தனியாத் தெரியும்.

படிக்கற பிள்ளைங்க நிறைய பேர் இங்க இருக்கீங்க, உங்களுக்கு ஒரு வேலை தரேன். ஐரோப்பிய யூனியன்ல 2027 பிப்ரவரி 18லேர்ந்து ஒரு சட்டம் நடைமுறைக்கு வருது, கையில எடுத்துட்டுப் போற சாதனங்கள்ல இருக்க பேட்டரிய வாங்கினவங்களே கழட்டி மாத்தற மாதிரி இருக்கணும், சில விதிவிலக்கு உண்டு. இத்தனை வருஷமா போன பசை போட்டு ஒட்டி மூடறாங்க, தண்ணி போகாம இருக்கறதுக்கு அதுவும் ஒரு வழி. இப்ப திறக்கவும் வரணும், தண்ணியும் போகக்கூடாது, மெலிசாவும் இருக்கணும். அந்த மூடி எந்தப் பக்கம் திறக்கணும், கை நடுங்கற ஒரு பெரியவங்க அத எப்படித் திறப்பாங்க, கண்ணு தெரியாதவங்களுக்கு பேட்டரி நேராத்தான் உக்காந்துச்சுன்னு எப்படித் தெரியணும், சத்தமா, அதிர்வா, விளிம்புல ஒரு சின்ன மேடா? வளையற போனவிட எனக்கு இது பெரிய கற்பனையாத் தெரியுது. ஸ்க்ரீன்ல வரையறதுக்கு முன்னாடி அட்டையில செய்ங்க, உள்ள கனத்துக்கு எதாவது போடுங்க, வீட்டுல வயசானவங்க கையில கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்க, எந்த விரல் முதல்ல போகுதுன்னு குறிச்சு வைங்க.

செஞ்சத கொண்டுவந்து காட்டுங்க, எவ்வளவு நேரம் ஆனாலும் உக்காந்து பேசலாம். இப்ப கேள்வி இருக்கவங்க கேளுங்க.