அந்த நாளில் என் வாக்கு யாருக்கு?

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

1969 ஜனவரியில் நடந்த நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் வாக்கு இருந்திருந்தால் காமராஜருக்கே போட்டிருப்போம் என்று நம்மில் பலரும் தயங்காமல் சொல்கிறோம். அந்தத் தயக்கமின்மைதான் என்னை உறுத்துகிறது. பழைய தேர்தலில் மனத்தளவில் வாக்களிக்கப் போகிறவர், அதற்குப் பின்னால் நடந்தவற்றையெல்லாம் சாவடிக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அன்றைய வாக்காளருக்குத் தெரிந்தது என்ன? நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த நேசமணி 1968-இல் மறைந்ததால் தொகுதி காலியானது. காமராஜர் 1967-இல் தம் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றிருந்தார். மாநிலத்தில் அண்ணா முதலமைச்சர். எதிரில் நின்றவர் தி.மு.க. ஆதரவு பெற்ற சுதந்திராக் கட்சி வேட்பாளர். பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்துவிடுவார் என்பதோ, அந்த ஆண்டு முடிவதற்குள் காங்கிரஸ் இரண்டாக உடையும் என்பதோ, 1971-இல் பழைய காங்கிரசுக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் ஒரே நாடாளுமன்ற இடம் நாகர்கோவிலாக இருக்கும் என்பதோ அந்த வாக்காளருக்குத் தெரியாது. ஆளுங்கட்சியின் பக்கம் நின்றால் தொகுதிக்கு நல்லது என்று அன்று ஒருவர் கருதியிருந்தால், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இத்தனையையும் எண்ணிப் பார்த்த பிறகும் நான் காமராஜருக்கே வாக்களித்திருப்பேன். நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956-இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது முதலமைச்சராக இருந்தவர் அவர். அவர் காலத்தில் திறந்த பள்ளிகளும் மதிய உணவும் 1969-இன் வாக்காளர் கண்ணால் கண்டவை.

நமக்கு வாக்கு இருந்திருக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அன்று நம் பகுதி இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1904-இல் தொடங்கிய ஸ்ரீமூலம் பிரஜா சபை பெரும்பாலும் நிலமும் வரிச்சீட்டும் உடையவர்களின் சபை. பனையேறியின் மகனோ, வயலில் நாற்று நட்ட பெண்ணோ அந்தக் கற்பனைக்குள் நுழையவே முடியாது. திருவிதாங்கூரில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் முதல் தேர்தல் நடந்தது 1948 பிப்ரவரியில். காந்தியடிகள் கொல்லப்பட்டுச் சில நாள்களே ஆகியிருந்தன. ஒரு பக்கம், திவான் சர் சி.பி. இராமசாமி ஐயரின் ஆட்சியை எதிர்த்து, மக்களுக்குப் பொறுப்பான ஆட்சிக்காகச் சிறை சென்றவர்களின் ஸ்டேட் காங்கிரஸ். மறுபக்கம், தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் துப்பாக்கிச் சூடு வரை சென்ற அந்தத் தேர்தலில் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களை வென்றது. ஆயினும் முந்தைய ஆண்டுதான் சர் சி.பி.யின் ஆட்சி ஒழிந்தது என்ற நன்றியில் ஸ்டேட் காங்கிரசுக்கு வாக்களித்த தமிழரும் இருந்திருப்பார்கள். அவர்களைத் துரோகிகள் என்று சொல்வது அநீதி.

1954 பிப்ரவரியில் நடந்த திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத் தேர்தல்தான் எனக்கு மிகக் கடினமானது. தமிழ்நாடு காங்கிரஸ், காங்கிரஸ், பிரஜா சோசலிஸ்ட், கம்யூனிஸ்ட் என்று களம் பல கூறாகப் பிரிந்திருந்தது. உழைப்பவருக்காகப் பேசிய சோசலிஸ்டுகளின்மீது எனக்குப் பற்று உண்டு. அன்று இளைஞனாக இருந்திருந்தால் அந்தப் பற்று இன்னும் கூடுதலாகவே இருந்திருக்கும். அவர்களுக்கு வாக்களித்தவர்களில் ஒருவருக்கேனும், பட்டம் தாணுப் பிள்ளையின் சோசலிஸ்ட் அமைச்சரவை காங்கிரசின் ஆதரவோடு அமையும் என்பதும், அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் அந்த ஆட்சியின் போலீஸ் தமிழர்களைச் சுடும் என்பதும் தெரிந்திருக்குமா? அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்று அக்கட்சியின் பொதுச் செயலாளர் லோகியாவே குரல் கொடுக்கும் நிலை வந்தது. அந்த ஆகஸ்டை மனத்தில் வைத்துக்கொண்டு பிப்ரவரி வாக்காளரை நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது.

அப்படியானால் என் வாக்கு? தமிழ்நாடு காங்கிரசுக்குத்தான். தம் மொழியில் மனு எழுத முடியாமல், அலுவலகத்திலிருந்து வந்த மலையாளத் தாளை இன்னொருவரிடம் கொடுத்துப் படித்துக் கேட்க வேண்டியிருந்த விளவங்கோட்டு விவசாயிக்கு, அதைவிடப் பெரிய அரசியல் கேள்வி வேறு இருந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் அந்த வாக்குக்கு ஒரு விலையும் இருந்தது. குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் சில மணி நேரப் பயணம். சென்னையோ நாட்டின் மறுகோடி. பல்கலைக்கழகமும், 1951-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும், விளைபொருளுக்கு நல்ல சந்தையும், பல குடும்பங்களின் கொண்டு கொடுத்த உறவும் திருவனந்தபுரத்துப் பக்கம்தான் இருந்தன. நாம் கேட்ட தமிழ்ப் பகுதிகளான தேவிகுளமும் பீர்மேடும் நமக்குக் கிடைக்காமல் போகும் என்பதை அன்று யாரும் அறியார். மருத்துவத்துக்கு இன்றும் திருவனந்தபுரத்துக்கே வண்டியேறும் நம் மக்களைப் பார்க்கும்போதும் என் முடிவு மாறவில்லை. ஆனால் வேறு முடிவுக்கு வந்த அன்றைய பக்கத்து வீட்டுக்காரரோடு திண்ணையில் உட்கார்ந்து விடியும்வரை வாதாடியிருப்பேன், அவர் சொன்னவற்றில் பாதியையாவது ஒப்புக்கொண்டும் இருப்பேன்.