ஜனத்தொகை குறைஞ்சா நல்லதுதானே? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. "ஐயா, கூட்டம் குறைஞ்சா வேலை, தண்ணி, வீடு எல்லாருக்கும் தாராளமா கிடைக்குமே, பிறப்பு விகிதம் குறையறதுக்கு ஏன் இவ்வளவு கவலைப்படறீங்க?"ன்னு ஒரு தம்பி கேட்டிருக்கார். நியாயமான கேள்வி.

மக்கள்தொகை ஏறாம இறங்காம நிக்கணும்னா ஒரு பெண்ணுக்குச் சராசரியா 2.1 குழந்தை வேணும். மத்திய அரசு சில இடங்களை மாதிரியா எடுத்துப் பிறப்பு, இறப்பைக் கணிக்கிற மாதிரிப் பதிவுக் கணக்குப்படி 2020-ல தமிழ்நாட்டுல அது 1.4. இன்னைக்கு மூணு பேர் இருக்கிற இடத்துல அடுத்த தலைமுறையில ரெண்டே பேர்னு வெச்சுக்கோங்க. எல்லா வயசுலயும் சமமாக் குறைஞ்சா நீங்க சொல்றது சரிதான் தம்பி. ஆனா சின்ன வயசுக்காரங்க குறையறாங்க, பெரியவங்க கூடிக்கிட்டே போறாங்க.

வேலைக்கு ஆள் இல்லாததை ஓரளவு சமாளிச்சுடலாம். திருப்பூர் பனியன் கம்பெனிகள்ல பீகார், ஒடிசா பிள்ளைங்க வந்துதானே தைக்கறாங்க. வீட்டுக்குள்ள ஆள் இல்லைன்னா? ஒத்தைப் பிள்ளையும் ஒத்தைப் பிள்ளையும் கட்டிக்கிட்டா அவங்க தலையில நாலு பெரியவங்க. அதுல ஒரு அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சுதுன்னா, தூக்கி உக்கார வைக்கணும், துணி மாத்தணும், ராத்திரி மூணு மணிக்குக் கூப்பிட்டா எந்திரிக்கணும். பெரும்பாலும் வேலையை விட்டுட்டு நிக்கறது மருமகளோ மகளோதான். அந்த வீட்டுல ஒரு சம்பளமும் போச்சு.

அதுக்காக "நிறைய பெத்துக்கோங்க"ன்னு மேடையில பேசறாங்களே, அதுல எனக்குத் துளியும் உடன்பாடு இல்ல. தென்கொரியாவுல பிள்ளை பெத்துக்கச் சொல்லி அரசாங்கம் வருஷக்கணக்கா பணத்தைக் கொட்டுச்சு. அப்படியும் 2023-ல ஒரு பெண்ணுக்குச் சராசரியா 0.72 குழந்தைங்கற அளவுக்கு விழுந்துச்சு. வீட்டு விலை, டியூஷன் செலவு, பிரசவத்துக்குப் போனா வேலை என்னாகுமோங்கற பயம், இதெல்லாம் அப்படியே இருந்தா யார் பெத்துக்குவாங்க? இங்கயும் அதே பயம்தான். பொண்ணுங்களைக் குத்தம் சொல்லாதீங்க.

நாம கேக்க வேண்டியது வேற. முதியோர் பென்ஷன்ல 60-லிருந்து 79 வயசு வரைக்கும் மத்திய அரசோட பங்கு மாசம் 200 ரூபா. பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஏறவே இல்ல. மாநில அரசு தன் பங்கைப் போட்டு, 2023-ல 1,200 ரூபாயா உயர்த்துச்சு. படுக்கையில இருக்கிறவங்களுக்கு ராத்திரித் துணைக்கு ஆள் வெச்சா அது எத்தனை நாளைக்குக் காணும்? ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட முதல்ல இதைக் கேளுங்க தம்பி.