உழக்குக்குள்ளே கிழக்கு மேற்கா?

(போன ஞாயிறு மாலை குன்னூரில், ஊட்டி, குன்னூர் சீசன் போக்குவரத்து நெரிசல் பற்றிய கூட்டத்தில் பேசியது. எழுதித் தரச் சொன்னார்கள், நினைவிலிருந்து எழுதியிருக்கிறேன். பேசியதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும்.)

எல்லோருக்கும் வணக்கம். தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, காலையிலிருந்து நாலாவது கூட்டம் என்றாலும் தூங்காமல் உட்கார்ந்திருக்கிற நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, சீருடையோடு நேராக இங்கே வந்துவிட்ட போக்குவரத்துக் காவல் சார் அவர்களே (அப்படியானால் பஸ் ஸ்டாண்டில் யார் நிற்கிறார்கள் என்று யாரும் கேட்காதீர்கள்), வணிகர் சங்கச் செயலாளர் அண்ணன் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய தலைமையாசிரியர் ஐயா அவர்களே. ஐயா, நம் ஊர்க் குளிருக்குப் பொன்னாடைக்குப் பதில் ஒரு கம்பளியைப் போர்த்தினால் பேச்சாளர்கள் இன்னும் நன்றாகப் பேசுவார்கள்.

மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். இ-பாஸ், பார்க்கிங், அப்புறம் நம் மலை ரயில்.

அதற்கு முன்னால் என் பாட்டி சொல்கிற ஒரு சொலவடை. என்னோடு பழகியவர்களுக்கு இது நூறாவது தடவை, பொறுத்துக்கொள்ளுங்கள். உழக்குக்குள்ளே கிழக்கு மேற்கா? உழக்கு என்றால் கால் படி. அதற்குள் கிழக்கு எது, மேற்கு எது என்று பார்த்து என்ன ஆகப்போகிறது? சீசன் வந்தால் நாம் செய்வது அதைத்தானே. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிறவன் குன்னூர் வழி, இறங்குகிறவன் கோத்தகிரி வழி, கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுக்குத் தனிச் சட்டம், ஊருக்குள் போனால் இந்தத் தெரு ஒருவழி, அந்தத் தெரு மூடல். எல்லாம் வேண்டியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2011 கணக்கெடுப்பில் 88 ஆயிரத்துச் சொச்சம் பேர் இருந்த ஊட்டி என்கிற உழக்குக்குள் எந்தத் திசையில் ஊற்றினாலும் அது கால் படிதான்.

ரோட்டை அகலப்படுத்தலாமே என்று சமவெளியிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். 2009 நவம்பர் மழையை இங்கே இருக்கிற யாருக்கும் நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. 40 பேருக்கு மேல் மண்ணுக்குள் போனார்கள். மலையை இன்னும் வெட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, இ-பாஸ். வெளியூர் வண்டிகள் மலை ஏறுவதற்கு முன்னால் இணையத்தில் பதிந்து வாங்குகிற அனுமதிச் சீட்டு. 2024 மே 7-ஆம் தேதி உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஆரம்பித்தது. அடுத்த வருஷ சீசனுக்கு எண்ணிக்கையே வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6000 வண்டி, வார இறுதியில் 8000. கடைக்காரர்களுக்குக் கோபம், செயலாளர் அண்ணன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. எனக்குப் பிடித்தது ஒரே இடம்தான். அரசு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதாவது மனிதர்கள் வரலாம், டப்பா டப்பாவாகக் கார்தான் குறைய வேண்டும். ரெண்டு பேர் வருகிற காரும் ஒரு வண்டி, பன்னிரண்டு பேர் வருகிற வேனும் ஒரு வண்டி என்று எண்ணுகிற கணக்கில் இதை யாரும் கவனிக்கவில்லை.

ஒரு கதை சொல்கிறேன். என் அக்கா மகனுக்கு ஊட்டியில் பெண் பார்த்து, நிச்சயதார்த்தம் மே மாதத்தில், அதுவும் மலர்க் கண்காட்சி வாரத்தில் ஒரு சனிக்கிழமை. நாள் குறித்த ஜோசியர் கோயம்புத்தூர்க்காரர், அவருக்கு சீசன் தெரியாது. ஒன்பது பேர், எட்டு சீர்த்தட்டு, குன்னூரில் பஸ் ஏறினோம். எல்லநள்ளி தாண்டியதும் பஸ் நின்றது. நின்றது என்றால் டிரைவர் இறங்கி டீ குடித்துவிட்டு, அந்த டீக்குக் காசு கொடுத்து, சில்லறை வாங்கி, திரும்ப வந்து ஏறி உட்கார்ந்த பிறகும் நின்றது. நல்ல நேரம் பன்னிரண்டோடு முடிகிறது. அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். இறங்கி நடப்போம் என்று நான்தான் சொன்னேன். பட்டுப் புடவை, வேட்டி, கையில் தட்டு, வரிசையாக ரோட்டோரம் நடக்கிறோம். ஒரு காரின் கண்ணாடி இறங்கியது. "அண்ணே, வாழைப்பழம் என்ன விலை?" என் மச்சான் இல்லை என்று தலையாட்டினான். ரெண்டாவது கார். "அந்த ஆப்பிள் கிலோ எவ்வளவு?" அதற்கும் தலையாட்டினான். மூன்றாவது காரில் பசியில் அழுகிற குழந்தை. மச்சான் விலை சொல்லிவிட்டான்! லவ்டேல் வரும்போது ஆப்பிள் தட்டு காலி. பெண் வீட்டு வாசலில் போய் நிற்கும்போது தேங்காயும் பூவும் மட்டும்தான் மிச்சம். பெண்ணின் பெரியம்மா தட்டைப் பார்க்கிறார், எங்களைப் பார்க்கிறார். மச்சான் சட்டைப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்துத் தட்டில் வைத்து, "பழத்தைப் பணமாகவே கொண்டுவந்துவிட்டோம் அக்கா" என்றான். அந்தப் பெண்ணுக்கு இப்போது ரெண்டு பிள்ளைகள். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் இன்னமும் வாழைப்பழத்தில்தான் போய் முடிகிறது.

இதை எதற்குச் சொல்கிறேன்? நாங்கள் அப்படி நடந்துகொண்டிருந்தபோது பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நம் ரயில் கூவிக்கொண்டு ஊட்டிக்குப் போனது. அதில் போயிருக்கலாமே என்று அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஒன்பது பேரில் ஒருவருக்குக்கூட அந்த ரயில் நமக்கானது என்று தோன்றவே இல்லை.

என் அப்பா கேத்தியில் ஏறி அருவங்காடு ஃபேக்டரிக்கு அதே ரயிலில்தான் வேலைக்குப் போனார். 1908-லிருந்து ஊட்டி வரைக்கும் ஓடுகிற வண்டி. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் என்றார்கள், பெருமைதான். ஆனால் சின்னம் ஆனதும் அதை ஷோகேஸில் வைத்துவிட்டோம். பல் தண்டவாளம் (செங்குத்து ஏற்றத்தில் எஞ்சினின் பல்சக்கரம் கடித்து ஏறுகிற தண்டவாளம்), நிலக்கரிக் கால நீராவி எஞ்சின் என்று சொல்லி பயமுறுத்துகிறார்களே, பல் தண்டவாளம் கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும்தான். குன்னூருக்கு மேலே சாதாரணத் தண்டவாளம், டீசல் எஞ்சின். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி. வேலைக்கும் படிப்புக்கும் ஜனங்கள் தினமும் போகிற ஊர்களின் பட்டியல்தான் இது! சுமார் 18 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சனிக்கிழமை எங்களுக்கு எவ்வளவு ஆனது என்று மச்சானைக் கேளுங்கள்.

ரயில் கூடினால் நம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து கேட்டை அடிக்கடி மூடுவார்களே என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுக்கிறார். ஆமாம், மூடுவார்கள். சில நிமிடம். ஒரு ரயிலில் வருகிறவர்கள் எல்லாம் காரில் வந்தால் அந்த கேட்டே தேவையில்லை, வண்டிகள் தாமாகவே நின்றுவிடும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் பள்ளி, ஆபீஸ் நேரத்துக்கு ஒரு கூடுதல் வண்டி, சாயங்காலம் திரும்ப ஒன்று. அதில் முன்பதிவு இல்லாமல் உள்ளூர் ஆட்கள் ஏறிக்கொள்ள ஒரே ஒரு பெட்டி. இறங்குகிற இடத்தில் ஒரு மினி பஸ். இதைச் செய்யாமல் ஊட்டி சேரிங்கிராஸ் சந்திப்பில் தடுப்புக் கம்பியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டிருந்தால், மறுபடியும் பாட்டியைத்தான் கூப்பிட வேண்டும். உழக்குக்குள்ளே கிழக்கு மேற்கா?

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார், ரெண்டு நிமிடமாம். பார்க்கிங் பற்றி நாலு பக்கம் எழுதி வந்திருந்தேன், அதை அடுத்த கூட்டத்துக்கு நிறுத்தி வைக்கிறேன் (பார்க்கிங்தானே). வாசல் பக்கம் மேஜையில் ரயில்வேக்கு அனுப்பப்போகும் மனு இருக்கிறது, டீக்கு முன்னால் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பேனா என்னுடையது, யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.