மொகல் தெருவில் வட்டி பேசிய கூட்டம்

(காரைக்குடியில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, ஆச்சிமார்களே, எழுந்து போக வசதியாகப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, வணக்கம்.

‘ஒழுக்கமும் சந்தையும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஊரில் இப்படித் தலைப்புக் கொடுத்தால் பேச்சு எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும். நம் நகரத்தார் முன்னோர், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், நாணயஸ்தர்கள், கடல் கடந்தார்கள், கோயில் திருப்பணி செய்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். கைதட்டல், பொன்னாடை, காபி. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நாணயம் எப்படி வேலை செய்தது, எந்த இடத்தில் வந்து நின்றது என்று கேட்டால்தான் இன்றைக்கு உபயோகம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சந்தையின் பக்கம். வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு கையெழுத்துக்காகத் தொழில் மாதக்கணக்கில் காத்துக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து இந்தப் பக்கம் வந்தவன். அந்த உரிமையில்தான் குறையும் சொல்கிறேன்.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடை எடுபிடியாக, பர்மாவுக்குக் கப்பலேறியவர். கடையைக் கூட்ட வேண்டும், சொன்ன இடத்துக்கு ஓட வேண்டும், ராத்திரி உட்கார்ந்து கணக்கெழுதப் பழக வேண்டும். அப்புறம் அடுத்தாள், தேறினால் மேலாள். மேலாளுக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு முதலாளி இங்கே ஊரில் இருப்பார். மூன்று வருஷக் கணக்கு. நடுவில் எட்டிப் பார்க்க ஆள் கிடையாது. பெரிய பெரிய தொகைகள் கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் கையில்.

பெரும்பாலும் அவர்கள் ஏன் திருடவில்லை? தர்ம சிந்தனை என்று சொல்லிவிட்டால் கேட்கச் சுகமாக இருக்கும். எனக்குத் தெரிவது அதைவிடச் சாதாரணமான காரணம். ஐந்தொகை, அதாவது வரவு செலவு முடிப்புக் கணக்கு, உதைத்தால் சேதி ஊருக்கு வந்துவிடும். இந்த முதலாளி மட்டுமில்லை, வேறு எந்த முதலாளியும் வேலை தரமாட்டார். நம் சமூகத்தின் ஒன்பது கோயில் பிரிவுகளில் எந்தக் கோயில் புள்ளியானாலும், அதாவது குடும்பமானாலும், காதுக்குப் போய்விடும். அப்புறம் பெண் கேட்டு யார் வீட்டுப் படியேறுவது? அது பயம் கலந்த நாணயம். நான் அதை மட்டமாகச் சொல்லவில்லை. முதலில் பயத்துக்காகச் செய்வோம், பிறகு பழக்கத்தால் செய்வோம், கடைசியில் அது குணமாகவே ஆகிவிடும். வீட்டுக்குள்ளும் இதே பயிற்சிதான். கல்யாணமான மகனை ‘வேறு வைத்து’, வருஷத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து, ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பு மூட்டச் சொன்னார்கள். அப்பச்சி, அதாவது மகனின் அப்பா, கோடீஸ்வரராக இருக்கட்டும், புது மருமகள் தன் புள்ளிக்கு உள்ளதில்தான் குடித்தனம் நடத்த வேண்டும். எந்த நிதி மேலாண்மை வகுப்பிலும் இப்படிச் சொல்லித் தரமாட்டார்கள்.

சரி, இப்போது ரங்கூனுக்குப் போவோம்.

மொகல் தெருவில் கோயிலில் மாதந்தோறும் கூடுவார்கள். தங்களுக்குள் கொடுத்து வாங்கும் அந்த மாதத்து நடப்பு வட்டி அங்கேதான் முடிவாகும். போட்டி, போட்டி என்று நாம் மேடைக்கு மேடை கொண்டாடுகிறோமே, அந்தப் போட்டி செருப்போடு கோயிலுக்கு வெளியிலேயே நின்றது. ஒரே தொழில் செய்பவர்கள் விருந்துக்காகக் கூடினாலும் பேச்சு கடைசியில் விலையை ஏற்றும் சூழ்ச்சியில்தான் போய் முடிகிறது என்ற பொருளில் 1776-லேயே ஆடம் ஸ்மித் எழுதியிருக்கிறார். அவரைச் சந்தையின் குலதெய்வமாக்கியவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டுவதே இல்லை. ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். பர்மிய விவசாயிக்கு வட்டிக்கு விட்ட மற்றவர்களைவிடச் செட்டியார் வாங்கியது குறைவு.

1852-ல் கீழ்ப்பர்மா வெள்ளைக்காரன் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. காடும் சதுப்புமாகக் கிடந்த ஐராவதி டெல்டா நெல் வயலானது. வெள்ளைக்கார வங்கிகள் விவசாயியை உள்ளே விடவில்லை, நம்மவர்கள்தான் பணம் கொடுத்தார்கள். நிலத்தை ஈடு வைக்கலாம், கடன் திரும்பாவிட்டால் கோர்ட்டுக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு ஆங்கில ஆட்சி போட்டது. ஆகவே, அரசாங்கமே இல்லாத சுதந்திரச் சந்தை என்று யாராவது பர்மாவை உதாரணம் காட்டினால் நம்பாதீர்கள். சட்டம், கோர்ட்டு, போலீஸ் எல்லாம் அங்கே இருந்தன. எல்லாம் ஒரே பக்கமாக இருந்தன, அவ்வளவுதான்.

உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937-38-ல் அது 25 சதவீதம். அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர்கள் இல்லை. பணம் பணமாகத் திரும்பி வருவதைத்தான் விரும்பினார்கள். ஒரு மேலாளின் இடத்தில் நின்று பாருங்கள். அவர் கையில் இருப்பது முதலாளியின் பணம். அதற்குள் பள்ளத்தூரில், கானாடுகாத்தானில் உள்ள ஆச்சிமார்களின் சீர்ப்பணமும் இருக்கிறது. அதை விட்டுக்கொடுத்தால் அவர் நம்பிக்கைத் துரோகி. நிலத்தை எடுத்தால்தான் நாணயமான மேலாள். இப்படித் தன் ஆட்களுக்கு நேர்மையாக நடந்த ஒவ்வொரு மேலாளும் சேர்ந்துதான் நாலில் ஒரு பங்கு நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். கெட்டவர்கள் செய்தது என்றால் விஷயம் சுலபமாக முடிந்திருக்கும்.

நிலம் இழந்த பர்மாக்காரனுக்குப் பள்ளத்தூரில் யாரைத் தெரியும்? அவன் எழுதும் கடிதத்தால் இங்கே எந்தக் கல்யாணமும் நிற்காது. நம் கட்டுப்பாடெல்லாம் நம்மைத் தெரிந்தவர்கள் வரைக்கும்தான். வள்ளுவர் வாணிகத்தைப் பற்றிச் சொன்ன குறளைப் பொருட்பாலில் தேடினால் கிடைக்காது. அறத்துப்பாலில், நடுவு நிலைமை அதிகாரத்தில் கடைசிக் குறளாக இருக்கிறது. வேண்டியவன், வேண்டாதவன் என்று பாராத இடத்தில் கொண்டுபோய் வியாபாரியை நிறுத்தியிருக்கிறார்.

1942-ல் ஜப்பான்காரன் வந்தான். 1948-ல் நில தேசியமயச் சட்டம், 1963-64-ல் கடைகள், வங்கிகள் எல்லாம் போயின. ‘நன்றி கெட்ட பயல்கள்’ என்று எங்கள் வளவுத் திண்ணையில் பேசிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது ஒப்பவில்லை. அதற்காகப் பறிமுதல் செய்த அரசியல்வாதி விவசாயியை வாழவைத்தான் என்றும் சொல்லமாட்டேன். போருக்கு முன் உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு எப்படி ஆயிற்று என்று நமக்குத் தெரியும்.

இங்கே நம் நாட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ஆட்சியை எதிர்த்து ராஜாஜி 1959-ல் சுதந்திராக் கட்சி தொடங்கினார். சிறை சென்ற காங்கிரஸ்காரரான கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1962-ல் அந்தக் கட்சியில் நின்று இதே காரைக்குடியில் ஜெயித்தார். அவர்கள் சொன்னதில் ஒன்று இன்றைக்கும் சரி: கையெழுத்துப் போடுகிறவனிடம் அதிகாரம் குவிந்தால், நேர்மையானவன் வரிசையில் நிற்பான், ஆளைப் பிடிக்கத் தெரிந்தவன் பின்வாசல் வழியாகப் போவான். காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில், 1937-ல் திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் 1969-ல் அரசுடைமையான பதினாலு வங்கிகளில் ஒன்று.

நான் வேலை பார்த்த வங்கியின் பெயர் வேண்டாம். 1990-ல் பத்தாயிரம் ரூபாய் வரை விவசாயக் கடன் தள்ளுபடி வந்தது. தவணை தவறினவர்களுக்குத்தான். தாலிச் சங்கிலியை விற்று முந்தின வருஷம் கடனை அடைத்திருந்த ஓர் அம்மா கவுண்டருக்கு வந்து, “அப்ப நான் கட்டுனது தப்பா சார்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை, சுற்றறிக்கைதான் இருந்தது. சில வருஷம் கழித்து அதே தெருக்களில் தனியார் நிதி நிறுவனங்கள் 24, 30 சதவீத வட்டி என்று போர்டு மாட்டி, ஒருநாள் பூட்டிக்கொண்டு போயின. முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997-ல்தான் வந்தது. முதலில் சொன்னது சந்தையை நம்பாத அரசியல், இரண்டாவது யார் கண்ணுக்கும் பயப்படாத சந்தை. எது மோசம் என்று கேட்டால் அன்றன்றைக்கு ஒரு பதில் சொல்வேன்.

போன வாரம் ஒரு தம்பி செல்போன் கடன் ஆப்பைக் காட்டினான். தவணை தப்பினால் போனில் உள்ள பெயர்களுக்கெல்லாம் கூப்பிட்டு மானத்தை வாங்குகிறார்களாம். 2022-ல் ரிசர்வ் வங்கி விதி போட்டது, ஆனாலும் நடக்கிறது. கவனித்தீர்களா? அந்தக் காலத்து வட்டிக்கடைக் கிட்டங்கியில் ஊருக்குப் பயந்தவன் பணத்தைக் கையாண்டவன். இங்கே வாங்கினவன் மட்டும்தான் பயப்படுகிறான். கொடுத்தவன் எந்த ஊர், யார் பிள்ளை என்று கேட்டேன். தம்பிக்குத் தெரியவில்லை.

பர்மா நிலத்தைப் பற்றி நான் சொன்னதை ஒப்புக்கொள்ளாதவர்கள் முன்வரிசையிலேயே மூன்று பேர் இருக்கிறீர்கள், முகத்திலேயே தெரிகிறது. மைக்கை அவர்களிடம் கொடுங்கள்.