இரண்டிரண்டு பேராக

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம். மார்மன் சபையின் சமயத்தைப் பரப்பும் பணியில் இருக்கும் ஓர் இளம் ஊழியரின் ஒரு வார வாழ்க்கையைப் பற்றிப் பேசவேண்டும் என்று நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்லன். ஆராய்ச்சிப் பணிக்காக அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் இரண்டாண்டுகள் தங்கியிருந்தபோது, அந்தச் சபையின் ஊழியர்கள் இருவர் எனக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தார்கள். எங்களுக்கு நடுவே இருந்தது ஒரு மெல்லிய சுவர்தான். கொடுக்கப்பட்ட தலைப்பில் ‘ஓர் ஊழியர்’ என்று இருக்கிறது. அவர்களை ஓரளவு அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், அந்த வாழ்க்கையில் ‘ஒருவர்’ என்பதே கிடையாது என்பதைத்தான் நான் முதலில் சொல்லவேண்டியிருக்கிறது.

மார்மன்கள் என்று உலகம் அழைக்கிறவர்களின் சபைக்குப் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்பது முழுப்பெயர். அந்த முழுப்பெயராலேயே தங்களை அழைக்கவேண்டும் என்று அதன் தலைவராக இருந்த ரசல் நெல்சன் 2018ஆம் ஆண்டில் வலியுறுத்தினார். ஜோசப் ஸ்மித் என்பவர் 1830ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் இதைத் தொடங்கினார். அந்த ஆண்டிலேயே அவருடைய தம்பி சாமுவேல், ‘மார்மன் புஸ்தகம்’ என்னும் அவர்களுடைய வேதநூலின் பிரதிகளை முதுகுப்பையில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஆலிவர் கௌட்ரி, பார்லி பிராட் உள்ளிட்ட நால்வர் ஓஹையோவுக்கு வந்து போதித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். மறு ஆண்டில் சபையின் தலைமையே ஓஹையோவிலுள்ள கர்ட்லண்ட் என்ற ஊருக்கு இடம்பெயர்ந்தது. அந்த 1831ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான், ஊழியர்கள் இருவர் இருவராகப் போகவேண்டும் என்ற கட்டளை பிறந்தது; அவர்களுடைய மற்றொரு வேதநூலில் அது இடம்பெற்றிருக்கிறது. இயேசு தம் சீடர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பினார் என்று லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் வருகிறதே, அந்த வழக்கத்தை இவர்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள்.

இன்று உலகெங்கும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தப் பணியில் இருக்கிறார்கள். ஆண்கள் பதினெட்டு வயதிலிருந்து போகலாம் என்று 2012ஆம் ஆண்டில் விதி தளர்ந்தது. அதற்கு முன் பத்தொன்பது ஆகவேண்டும். ஆண்களுக்கு 24 மாதங்கள், பெண்களுக்கு 18 மாதங்கள். சம்பளம் கிடையாது. அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து வருகிறவர்கள் மாதம் 500 டாலரைத் தாங்களோ தங்கள் குடும்பத்தாரோ சேர்த்துச் செலுத்துகிறார்கள்; வசதி குறைந்த நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்குச் சபையின் நிதி கைகொடுக்கிறது. எங்கே போவது என்பதை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. யாருடன் வாழ்வது என்பதையும் தேர்ந்தெடுப்பதில்லை. இந்த இரண்டாவது செய்திதான் முதலாவதைவிடப் பெரியது என்று எனக்கு நாளடைவில் புரிந்தது.

என் அடுத்த வீட்டில் இருந்த இருவரில் ஒருவர் இடாஹோ மாநிலத்தில் ஒரு பால்பண்ணையில் வளர்ந்தவர்; மற்றவர் பசிபிக் கடலிலுள்ள டோங்கா தீவிலிருந்து வந்தவர். இருவருக்கும் வயது பத்தொன்பது. ஊழியக் காலம் முடியும்வரை முதற்பெயர் மறைந்துவிடுகிறது. மார்பில் குத்திய கறுப்புப் பட்டையில் குடும்பப்பெயரும், அதற்கு முன் மூப்பர் என்று பொருள்படும் ‘எல்டர்’ என்ற சொல்லும்தான் இருக்கும். பெண்களானால் ‘சிஸ்டர்’. அவர்கள் ஒருவரையொருவர் ‘கம்பேனியன்’ என்று குறிப்பிடுகிறார்கள். இந்த உரையில் நான் இணை ஊழியர் என்று சொல்கிறேன். விதி மிக எளியது: குளியலறை நேரம் நீங்கலாக, இணை ஊழியர் எப்போதும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். கடைக்குத் தனியே போகக்கூடாது. கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு நடந்துவிட்டு வரக்கூட முடியாது. பத்தொன்பது வயதில் அது எத்தகைய கட்டுப்பாடு என்பதை நேயர்கள் எண்ணிப்பார்க்கவேண்டும்.

அவர்களுடைய வாரம் திங்கட்கிழமையில் தொடங்குகிறது என்று நான் சொல்வேன். அதற்கு ‘ஆயத்த நாள்’ என்று பெயர். மாலை வரை அவர்களுக்கு ஓய்வு. ஓய்வு என்றால், துணி துவைப்பது, கடைக்குப் போவது, முடி வெட்டிக்கொள்வது, வீட்டுக்கு எழுதுவது. எங்கள் அடுக்ககத்தில் துவைக்கும் இயந்திரங்கள் தரைக்குக் கீழே ஒரு பொது அறையில் இருந்தன. அங்கேதான் நான் அவர்களோடு முதன்முதலில் பேசினேன். ஆளுக்கு ஏழெட்டு வெள்ளைச் சட்டைகள். கழுத்துப்பட்டையின் உட்புறத்தில் அழுக்குக் கோடு விழுந்த இடத்தை இடாஹோ இளைஞர் சோப்புக் கட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தார். டோங்கா இளைஞர் கைப்பேசியைத் துவைக்கும் இயந்திரத்தின்மேல் சாய்த்து வைத்துத் தம் தாயோடு பேசிக்கொண்டிருந்தார். இங்கே திங்கள் நண்பகல். அங்கே செவ்வாய் விடியற்காலை ஆறு மணி. மகனுடைய முகத்தைப் பார்ப்பதற்காக அந்த அம்மா இருட்டோடு எழுந்து உட்கார்ந்திருந்தார். 2019ஆம் ஆண்டு பிப்ரவரி வரை இந்தப் பேச்சுக்கே வழியில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை, அன்னையர் நாளுக்கு ஒருமுறை என ஆண்டுக்கு இரண்டே தொலைபேசி அழைப்புகள்தாம் அனுமதிக்கப்பட்டிருந்தன. வாரந்தோறும் பேசலாம் என்று விதியை மாற்றியவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள் என்று நான் மனமார நம்புகிறேன். பேசி முடித்தபின் அந்த இளைஞர் சற்றுநேரம் இயந்திரத்தின் கண்ணாடி வழியே சுழலும் சட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர் ஒன்றும் கேட்காமல், உலர்ந்த துணிகளில் அவருடையதையும் சேர்த்து மடித்து வைத்தார்.

செவ்வாய் முதல் வியாழன் வரையிலான நாள்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பவை. காலை ஆறரைக்கு எழுவார்கள். உடற்பயிற்சி, காலை உணவு, தனித்தனியே வேதம் வாசித்தல், பிறகு இருவரும் சேர்ந்து வாசித்தல். டோங்கா இளைஞருக்கு எழுந்தவுடன் பாடும் வழக்கம் உண்டு. இடாஹோ இளைஞருக்குக் காலையில் யாரும் வாய்திறக்கக்கூடாது. இதைச் சுவர் வழியாகவே அறிந்துகொண்டேன். பத்து மணியளவில் வெளியே கிளம்பி இரவு ஒன்பது மணிக்குத் திரும்புவார்கள். பத்தரைக்கு விளக்கு அணைந்துவிடும். தொலைக்காட்சி இல்லை, திரைப்படம் இல்லை, காதல் இல்லை. ஒருமுறை என் வீட்டுக்கு வந்தபோது நான் தேநீர் கொண்டுவந்து நீட்டினேன். தேநீர், காப்பி, மது, புகையிலை நான்கையும் அவர்களுடைய சபை விலக்கியிருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தண்ணீர் போதும் என்று அவர்கள் சொன்ன விதத்தில், நான் சங்கடப்படக்கூடாதே என்ற கவலைதான் தெரிந்தது.

வீடு வீடாகக் கதவைத் தட்டுவதுதான் அவர்கள் வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். அது முன்னைவிடக் குறைந்துவிட்டது. சபையினர் அறிமுகப்படுத்துகிறவர்களைச் சந்திப்பதும், சமூக ஊடகங்கள் வழியாகத் தொடர்புகொள்வதும் இப்போது அதிகம். ஆனாலும் பனி கொட்டும் பிற்பகலில் கதவுகளைத் தட்டிக்கொண்டு தெரு முழுதும் நடந்துபோகும் நாள்களை நான் பார்த்திருக்கிறேன். இருபது வீடுகளில் பதினெட்டு திறப்பதில்லை; திறந்த இரண்டில் ஒன்று உடனே மூடிக்கொள்ளும். இது அயலாருக்குத் தொந்தரவு என்ற முறையீட்டை நான் புறக்கணிக்கவில்லை. கேளாதவரிடம் சமயம் பேசுவதில் எனக்கே உடன்பாடில்லை. வாரக் கடைசியில் எத்தனை பேர் புதிதாகக் கேட்கத் தொடங்கினார்கள், எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள், எத்தனை பேர் ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்கள் என்று கணக்குக் கொடுக்கவேண்டியிருப்பதும் என்னை உறுத்தியது. சுழியம் என்று எழுதவேண்டிய வாரங்களில் அந்தப் பிள்ளைகள் தங்களையே குற்றம் சாட்டிக்கொண்டதை நான் கண்டேன். மனம் தாங்காமல் இடையிலேயே வீடு திரும்புகிறவர்களும் உண்டு. ஊரில் அவர்களைத் தோற்றவர்களாகப் பார்க்கும் பார்வை இன்னும் மறையவில்லை. அவர்களைச் சபையினர் மலர்ந்த முகத்தோடு வரவேற்கவேண்டும் என்பது என் கருத்து. அவர்களுக்குள்ளேயே பலர் இதை வெளிப்படையாகப் பேசுகிறார்கள்.

நான் சொல்லவந்த செய்தி வெள்ளிக்கிழமையில் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை அடுத்த ஏழு நாள்களுக்குத் திட்டமிடுகிறார்கள். இவர்கள் அதை வெள்ளிக்கிழமை காலையில் செய்தார்கள். அந்தத் திட்டமிடலின் முடிவில் ஒரு பகுதி உண்டு. இருவரும் எதிரெதிரே அமர்ந்து, தங்கள் உறவு எப்படி இருக்கிறது என்று பேசவேண்டும்: உன்னிடம் நான் மதிப்பது இது, என்னை வருத்துவது இது, நான் எங்கே திருந்தவேண்டும் என்று நீ நினைக்கிறாய்? ஜெபத்தோடு தொடங்கி ஜெபத்தோடு முடிக்கிறார்கள். நீண்டநாள் நண்பர்களும் உடன்பிறந்தவர்களும்கூட ஒத்திப்போடும் பேச்சை, முன்பின் அறியாத இருவர் வாரம் தவறாமல் பேசவேண்டும் என்று ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்களே, இதைக் கேட்ட அன்று நான் வியந்துபோனேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் எதிர்வீட்டு மூதாட்டியின் வாசலில் முழங்காலளவு பனி கிடந்தது. அவர் இவர்களுடைய சபையைச் சேர்ந்தவர் அல்லர். சமயம் பேசவேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டவர். இருவரும் கேளாமலே மண்வாரியோடு வந்து பனியைத் தள்ளினார்கள்; நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். டோங்கா இளைஞர் பனியைக் கடல்மணலைப்போல் கீழிருந்து அள்ளி முதுகை வருத்திக்கொண்டிருக்க, இடாஹோ இளைஞர் வாரியைச் சாய்த்துத் தள்ளும் முறையைக் காட்டிக்கொடுத்தார். மூச்சு வாங்க நின்ற நேரத்தில், முந்தைய நாள் நடந்த பேச்சைப் பற்றி இடாஹோ இளைஞர் தாமாகவே என்னிடம் சொன்னார். காலைப் பாட்டைப் பற்றிய குறைகளையெல்லாம் அவர் சொல்லி முடித்தபின், மற்றவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாராம்: “கதவைத் தட்டுவதற்கு முன் நீ என்னைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.” தமக்கு ஆங்கிலம் முழுதாகக் கைவராததால், பேசப்போவது யார், சொல்லப்போவது என்ன என்று தெரியாமல் ஒவ்வொரு கதவின் முன்னும் ஒரு பொருளைப்போல நிற்பதாக அவர் உணர்ந்தாராம். “நான்கு வாரமாக அவரோடு ஒரே அறையில் தூங்குகிறேன், இது எனக்குத் தெரியவில்லை” என்று சொல்லிவிட்டு, இடாஹோ இளைஞர் மறுபடியும் பனியைத் தள்ளத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நாள். இரண்டு மணிநேரக் கூட்டம்; அப்பமும் தண்ணீரும் கொண்டு திருவிருந்து; மாதத்தின் முதல் ஞாயிறானால் இருவேளை உபவாசம். ஒருமுறை அவர்கள் அழைப்பை ஏற்று நானும் போயிருந்தேன். தாங்கள் அழைத்த யாராவது வருகிறார்களா என்று இருவரும் கடைசிப் பாட்டு வரையிலும் வாசலையே பார்த்திருந்தார்கள். அன்று என்னைத் தவிர வேறு யாரும் வரவில்லை.

ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். யார் எங்கே, யாருடன் என்பதை அந்த வட்டாரத்துக்குப் பொறுப்பான ஊழியத் தலைவர் முடிவுசெய்கிறார். அந்தக் குளிர்காலத்தின் இறுதியில் டோங்கா இளைஞருக்கு வேறு ஊர் வந்தது. இரண்டு பெட்டிகள், ஒரு மேலங்கி, பாடிக்கொண்டேதான் படியிறங்கினார். இடாஹோ இளைஞர் அவருடைய பெட்டிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். மறுவாரம் முதல் காலை ஆறரை மணிக்குச் சுவருக்கு அப்பால் ஓசையே இல்லை.

சில நாள்கள் கழித்து, புதிதாக வந்த இணை ஊழியரை எனக்கு அறிமுகப்படுத்த அவர் அழைத்துவந்தார். நான் சன்னல் பக்கம் இருந்ததால் அவர்கள் வருவதைப் பார்த்தேன். புதியவர் மிக இளையவர், ஊழியத்துக்கு வந்தே சில நாள்கள்தாம் ஆகியிருக்கும். சட்டையில் மடிப்புக் கலையவில்லை. என் வாசலுக்கு வந்ததும் இடாஹோ இளைஞர் அழைப்புமணியை நோக்கி விரலை நீட்டினார். பிறகு கையைத் தாழ்த்தி, பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டார். புதியவர் தலையசைத்தார். மணியை அழுத்தியது அந்தப் புதியவர்தான்.

வணக்கம்.