வாசிக்கத் தெரியாதவர்கள் காத்த எழுத்து

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கிராமத்துத் தொன்மையைக் காப்பது சட்டமா, ஊர்மக்களா என்ற கேள்விக்கு, ஊர்மக்களே என்பது எங்கள் அணியின் விடை.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "கல்வெட்டில் ஓர் எழுத்தைக்கூட வாசிக்கத் தெரியாதவர்களா அதைக் காப்பார்கள்?" என்று கேட்டுக் கைதட்டல் பெற்றார். அவரை மதுரை மாவட்டத்து மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டிக்கும், அதை ஒட்டிய மீனாட்சிபுரத்துக்கும் அழைத்துச் செல்கிறேன். மீனாட்சிபுரத்து மலைக்குகையில், பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயரைத் தாங்கி, ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்த தமிழி எழுத்துகள், அதாவது தமிழின் பழைய வரிவடிவமான தமிழ்-பிராமி எழுத்துகள், இருக்கின்றன. 1882-இல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவல் அவற்றைக் கண்டறிந்தபோது, அவை என்ன சொல்கின்றன என்பது அறிஞர்களுக்கே விளங்கவில்லை. இத்தகைய குகை எழுத்துகளின் மொழி தமிழே என்று கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்ட 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நண்பரே, கற்றவர்களுக்கே புரியாதிருந்த அந்த நெடுங்காலத்தில், மலையடிவாரத்தில் உழுது பிழைத்தவர்கள் அதை உடைத்துக் கல்லாக விற்றிருந்தால், ஐயர் எதை வாசித்திருப்பார்? அந்தக் காலத்தில் அங்கே எந்தத் தொல்லியல் சட்டம் காவல் நின்றது?

சட்டம் பிறகு வந்தது, மறுக்கவில்லை. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியின் 193 ஹெக்டேர் பரப்பு, அரிய உயிரினங்களையும் அவற்றின் வாழிடத்தையும் காப்பதற்கான, தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால், இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், அந்தப் பரப்பையும் உள்ளடக்கிய 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் டங்ஸ்டன் என்ற உலோகத்தைத் தோண்டும் சுரங்கத்துக்காக ஏலத்தில் போனது. அறிவிப்பாணை இருந்தது; ஏலமும் நடந்தது.

அப்போது எழுந்தவர்கள் யார்? ஊர் ஊராகக் கிராமசபை கூடித் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரையை நோக்கி ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். உழவர்கள் நடந்தார்கள், பெண்கள் நடந்தார்கள், தள்ளாத மூதாட்டிகளும் நடந்தார்கள்! அதே மாதம் 23-ஆம் நாள் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்த மீனாட்சிபுரத்துக் குகைக்குள், ஊரூராய் அலைந்த துறவிகள் தலைசாய்க்க அக்காலத்தவர் வெட்டிக் கொடுத்த கற்படுக்கைகள் இன்றும் வழவழப்பாகக் கிடக்கின்றன. ஊர் ஊராய் வந்தவர்களுக்காக அன்று அவர்கள் கல்லைச் செதுக்கினார்கள். இன்னும் பிறக்காத பிள்ளைகள் அதே கல்லைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்று, காலில் கொப்புளத்தோடு தார்ச்சாலையில் நடந்த அந்தத் தாய்மார்களை மனத்தில் நிறுத்தித் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே.